மாடிப்படிக்கு அடியில் ஒரு மூட்டை

மஹல்லா ஜமாஅத்துகளின் முத்தவல்லிகளுக்கும் நிர்வாகிகளுக்கும்,



சென்ற ரமளானுக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் பள்ளிவாசலில் வெள்ளையடிப்பு நடந்தது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய பாய்களையும் உடைந்த மின்விசிறிகளையும் எடுத்து வெளியே போட்டோம். அவற்றுக்குப் பின்னால், சுவரோரமாக நான்கு அரிசிச் சாக்குகள் இருந்தன. ஒன்றை இரண்டு பேராகத் தூக்கியதும் அடிப்பக்கம் இற்றுப் பிய்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் ஈரத் தரையில் சரிந்தது. அத்தனையும் குர்ஆன் தாள்கள். யாஸீன் கிதாபுகள், அட்டை போன ஜுஸ்உகள், ஓரம் கறுத்துச் சுருண்ட முழு முஸ்ஹஃபுகள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் நாம் ஒளு செய்யும் குழாய் வரிசை. எங்கோ கசிந்த தண்ணீர் சுவர் வழியே இறங்கி, எத்தனை வருடமாகவோ அந்தச் சாக்குகளை நனைத்திருக்கிறது.

அங்கிருந்த ஆறேழு பேரும் சட்டென்று பின்வாங்கினோம். "எனக்கு ஒளு இல்ல" என்றான் ஒரு தம்பி. எனக்கும் இல்லை, கை முழுக்கச் சுண்ணாம்பு. தாள்கள் ஈரத்தில் கிடக்க, யார் போய் ஒளு செய்துவிட்டு வருவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் கேட்டு வந்த இமாம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். "மொதல்ல எடுங்க, தண்ணில கெடக்குது. ஒளு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அதன்பிறகுதான் எங்கள் கைகள் நீண்டன.

அந்த இமாம் சொன்ன ஒரு வார்த்தைக்குள் இருக்கும் சட்டத்தையும் அன்பையும் உங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஒளு இல்லாமல் குர்ஆனைத் தொடக்கூடாது என்பது நமக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. அல்வாகிஆ அத்தியாயத்தின் 79ஆம் வசனம் அதைத் தொடும் தூயவர்களைப் பற்றிப் பேசுகிறது. அந்தத் தூயவர்கள் வானவர்களா, மனிதர்களா என்று விரிவுரையாளர்கள் நீண்ட காலமாக விவாதித்திருக்கிறார்கள். ஆனால் அம்ர் இப்னு ஹஸ்ம் அவர்களுக்கு நபி (ஸல்) அனுப்பிய கடிதத்தில், தூய்மையானவரைத் தவிர வேறு யாரும் குர்ஆனைத் தொட வேண்டாம் என்ற கட்டளை இருந்ததாக இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்திருக்கிறார். நான்கு மத்ஹபுகளும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் போன்ற ழாஹிரி அறிஞர்கள் மட்டும் மாறுபட்டார்கள். உமர் (ரலி) இஸ்லாத்துக்கு வந்த வரலாற்றில் இந்த ஒழுக்கத்தின் முதல் வடிவத்தைப் பார்க்கிறோம். கோபத்தோடு வந்து, தங்கை ஃபாத்திமாவை அடித்து, பிறகு மனம் இளகி, தாஹா அத்தியாயம் எழுதிய ஏட்டைக் கேட்கிறார் உமர். அடிபட்ட முகத்தோடு நின்ற அந்தப் பெண், குளித்துவிட்டு வா, தருகிறேன் என்கிறார். வாளோடு வந்த மனிதரைத் தண்ணீரை நோக்கித் திருப்பி அனுப்பிய ஏடு அது.

எங்கள் குடும்பம் ஹனஃபி. என் மனைவி கடற்கரை ஊர்க்காரர், ஷாஃபி. கல்யாணமான புதிதில் நான் ஒளு இல்லாத நேரத்தில், துணிப் பையில் இருந்த குர்ஆனைப் பையோடு தூக்கி அலமாரியில் வைத்தேன். அவர் பதறிவிட்டார். தனியாகக் கழற்ற முடிந்த உறை இருந்தால் உறையோடு தொடலாம் என்பது எங்கள் மத்ஹபு. குர்ஆனுக்கென்றே உள்ள பையையும் பெட்டியையும்கூட அது உள்ளே இருக்கும்போது ஒளு இல்லாமல் தொடக்கூடாது என்பது அவர்கள் மத்ஹபு. அத்தனை நுணுக்கமான அந்த ஷாஃபி மத்ஹபின் தூண்களில் ஒருவர் இமாம் நவவி. 1277இல் மறைந்தவர். குர்ஆனைச் சுமப்போரின் ஒழுக்கங்களுக்கென்றே 'அத்திப்யான்' என்ற நூலை எழுதியவர். அவரே சொல்கிறார்: முஸ்ஹஃப் தீயில் எரிந்துவிடும், தண்ணீரில் மூழ்கிவிடும், அசுத்தத்தில் விழுந்துவிடும் என்ற அச்சம் வந்தால் ஒளு இல்லாதவரும் அதை எடுக்க வேண்டும்.

நிர்வாகிகளே, இந்த ஒரு சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒளுவின் சட்டம் எதற்காக வந்ததோ, அந்தக் காரணமே இங்கே வெளியே தெரிகிறது. அல்லாஹ்வின் வார்த்தைக்கு இழிவு நேரக்கூடாது என்பதுதான் அடித்தளம். அதற்காகவே கையைக் கழுவுகிறோம். அந்த வார்த்தையே தண்ணீரில் கிடக்கும்போது, கை கழுவ நேரமில்லை என்று சட்டமே நம்மை முன்னால் தள்ளுகிறது. காப்பதுதான் முதல் கடமை. நாமோ தொடும்போது கை கழுவுகிறோம், நைந்துபோனதும் கைகழுவி விடுகிறோம். மாடிப்படிக்கு அடியில் அந்தச் சாக்குகளைப் போட்டது யாரோ ஒரு கெட்டவர் இல்லை. ஊரெல்லாம் பயபக்தியோடு கொண்டுவந்து கொடுத்ததை, என்ன செய்வதென்று தெரியாமல், யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். பிறகு எல்லோரும் மறந்துவிட்டோம். நானும் மறந்தவர்களில் ஒருவன்.

இது இன்று வந்த சிக்கலும் இல்லை. 1972இல் யமனின் ஸன்ஆ நகரத்துப் பெரிய பள்ளிவாசலில் பழுதுபார்த்தபோது, கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே ஆயிரக்கணக்கான தோல் ஏடுகளும் தாள்களும் குவிந்து கிடந்தன. நூற்றாண்டுக் கணக்கில் ஓதி ஓதித் தேய்ந்த முஸ்ஹஃபுகளை அந்த ஊர் மக்கள் அங்கே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மழையும் பூச்சியும் தின்றது போக மிஞ்சியவற்றில், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் ஏடுகளும் இருந்தன. டமாஸ்கஸின் உமையா பள்ளி முற்றத்தில் தூண்கள் மேல் நிற்கும் சிறு குவிமாடத்துக்குள்ளும் இப்படியே பழைய ஏடுகள் சேர்ந்திருந்தன. பாகிஸ்தானின் குவெட்டாவில் ஒரு மலையையே குடைந்து, சுரங்கம் சுரங்கமாக நைந்த குர்ஆன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கும் உம்மத்தின் மனம் ஒன்றுதான். தூக்கி எறிய மனம் வராது. ஆனால் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும்.

விடையை நம் இமாம்கள் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்கள். 1505இல் மறைந்த எகிப்தின் இமாம் சுயூத்தி தம் 'அல்இத்கான்' நூலில் இதைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். சுவர் இடுக்கில் செருகக்கூடாது, விழுந்து மிதிபடும். கிழிக்கக்கூடாது, எழுத்துகள் சிதறும். கழுவலாம், எரிக்கலாம். எரிப்பதற்கு ஆதாரம் உஸ்மான் (ரலி) அவர்களின் செயல். எல்லோரும் ஒரே ஓதலில் நிற்க வேண்டும் என்று படியெடுத்த முஸ்ஹஃபுகளை ஊர்களுக்கு அனுப்பிவிட்டு, மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்னார் என்று புகாரியில் வருகிறது. ஹனஃபி நூல்கள் அடக்கம் செய்வதையே சிறப்பிக்கின்றன. முஸ்லிமை அடக்குவதுபோல முஸ்ஹஃபையும் அடக்க வேண்டும் என்கிறது 'துர்ருல் முக்தார்'. அதற்கு விரிவுரை எழுதிய டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் வழியே நமக்கு வரும் விளக்கம் என்னை உலுக்கியது. தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் குழி வெட்டி, பக்கவாட்டில் லஹது எடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் மேலே ஒரு மூடி அமைக்க வேண்டும். ஏனென்றால் மண்ணை நேராக அதன்மேல் கொட்டுவதும் ஒருவகை அவமதிப்பு. மையித்துக்குப் பலகை வைப்பதுபோல, தாளுக்கும் பலகை!

என் நன்னி தெருவில் அரபு எழுத்துள்ள தாளைக் கண்டால் எடுத்து முத்தமிட்டு, திண்ணைச் சுவரின் பொந்தில் செருகுவார். அந்த அன்புக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் பொந்து மழைக்கு நனைந்தது, பல்லியும் கரப்பானும் அதில் குடியிருந்தன. நன்னிக்கு இடம் தெரியவில்லை, ஏனென்றால் ஊர் அவருக்கு ஓர் இடம் ஏற்படுத்தித் தரவில்லை. கிணற்றில் போடுவோரும் கடலில் விடுவோரும் அப்படித்தான். அன்று விளக்குக்கரி மையில் எழுதியதைக் கழுவினால் எழுத்து கரைந்து போனது. இன்றைய அச்சு மை கரைவதில்லை. கடலில் விட்ட தாள் மறுநாள் கரையில் நெகிழிப் பைகளோடு ஒதுங்குகிறது.

எரிப்பது ஆகுமானது என்றாலும் நம் ஊர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். 2015 மார்ச்சில் காபூலில் ஃபர்குந்தா என்ற இளம்பெண், குர்ஆனை எரித்துவிட்டாள் என்ற ஒரு கூச்சலை நம்பிய கூட்டத்தால் நடுத்தெருவில் அடித்துக் கொல்லப்பட்டார். விசாரணையில் அவர் எதையும் எரிக்கவில்லை என்று தெரிந்தது. குர்ஆனைக் கற்ற பெண் அவர். குர்ஆனின் பெயரால் ஓர் உயிரை எடுத்தவர்களைவிட அதை அவமதித்தவர்கள் யார்? எதைச் செய்தாலும் ஊரறியச் செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பெண்ணின் இரத்தம் சாட்சி. மறைவாக ஒருவர் தீ வைத்தால் சந்தேகம் பிறக்கும். ஜும்ஆவில் அறிவித்துவிட்டு ஊர்கூடி அடக்கினால் மரியாதை பிறக்கும்.

எங்கள் நான்கு சாக்குகளுக்கு வருகிறேன். மாடியில் பாய் விரித்து, ஒளுவோடு உட்கார்ந்து, மூன்று இரவு பிரித்தோம். எடையில் பாதிக்குமேல் குர்ஆனே இல்லை. கல்யாணப் பத்திரிகைகள், கிழித்த நாட்காட்டித் தாள்கள், மாத இதழ்கள், நன்கொடை ரசீதுகள், கூட்டத்துக்கு அடித்த துண்டுப் பிரசுரங்கள். எல்லாவற்றின் தலையிலும் அரபியில் பிஸ்மில்லா அல்லது ஒரு வசனம். அடுத்த குவியல் யாஸீன் கிதாபுகள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மௌத்தானவரின் பெயர் போட்டு அச்சடித்துக் கொடுத்தவை, பல பிரிக்கப்படவே இல்லை. கடைசியாக முஸ்ஹஃபுகள். அவற்றில் பலவற்றுக்குத் தையல் மட்டும்தான் விட்டிருந்தது. பக்கம் எண்ணிப் பார்த்தால் முழுசாக இருந்தது. பைண்டிங் செய்பவரிடம் கொடுத்தோம். புது அட்டையோடு திரும்பி வந்தன, ரமளானில் தராவீஹுக்கு முன் பிள்ளைகள் அவற்றில்தான் ஓதினார்கள். உயிருள்ளவற்றையும் சேர்த்துச் சாக்கில் கட்டியிருந்தோம் என்ற வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. கடைத்தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணன், நெற்றி நிறைய விபூதியோடு, என்னைக் கூப்பிட்டார். கல்லாவுக்கு மேலே மரப்பலகையில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. "பாய், யாரோ பேப்பரோட பேப்பரா போட்டுட்டுப் போயிட்டாங்க. உங்க வேதம். தராசுல ஏத்த மனசு வரல" என்றார். பிரித்தேன். எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு ஜுஸ்உ அம்மா. காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மண் இது. அவர் தராசுக்கு ஏற்றத் தயங்கியதை, நம் வீட்டிலிருந்து யாரோ தயங்காமல் எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் என் கோரிக்கைகள்.

பள்ளிவாசலில் மழை படாத, கசிவில்லாத, மார்பளவு உயரத்தில் மூடியுள்ள ஒரு மரப்பெட்டி வையுங்கள். எதைப் போடலாம், எதைப் போட வேண்டாம் என்று அதன்மேல் தமிழில் எழுதுங்கள். அரபி வசனம் உள்ள தாள் மட்டும் போதும் என்றால் பாதிச் சுமை குறையும். வருடத்துக்கு ஒருமுறை, ஷஅபான் மாதத்தில், மக்தப் பிள்ளைகளையும் வாலிபர்களையும் உட்காரவைத்து உஸ்தாதின் மேற்பார்வையில் பிரியுங்கள். விவரம் தெரிந்த பிள்ளை ஓதிப் படிப்பதற்காக ஒளு இல்லாமல் முஸ்ஹஃபைத் தொட்டால் தடுக்க வேண்டியதில்லை என்று நம் மத்ஹபுகள் பிள்ளைகளுக்கு இலகு காட்டியிருக்கின்றன. அந்த வயதில் மிரட்டாமல் பழக்கினால், ஒளு அவர்களுக்குப் பாரமாகத் தெரியாது. தைக்க முடிந்ததைத் தையுங்கள், மற்றதை அடக்குங்கள்.

மையவாடியில் ஒரு மூலையை இதற்கென்று ஒதுக்கி, சுற்றிலும் கல் நடுங்கள். ஆழமாகத் தோண்டுங்கள், வெள்ளைத் துணியில் சுற்றுங்கள், மேலே பலகை அடுக்கிவிட்டு மண் தள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையையும் பளபளப்பான அட்டையையும் முன்பே நீக்கிவிடுங்கள், அவை மட்காது.

அச்சடிப்பதைக் குறையுங்கள். சுலைமான் (அலை) ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய கடிதம் பிஸ்மில்லாவோடு தொடங்கியதைக் குர்ஆனே சொல்கிறது. ரோமப் பேரரசர் ஹிரக்ளியஸுக்கு நபி (ஸல்) அனுப்பிய கடிதத்தில் ஆல இம்ரானின் ஒரு வசனமே இருந்தது. எழுதுவது தவறென்று நான் சொல்லவில்லை. அந்தக் கடிதங்கள் கையில் கொடுக்கப்பட்டவை. நம் துண்டுப் பிரசுரமோ வாசலிலேயே விழுந்து செருப்படியில் நசுங்குகிறது. பிஸ்மில்லாவுக்குப் பதில் 786 என்று எழுதிய நம் முன்னோரின் வழக்கம் சரியா என்று ஆலிம்கள் விவாதிக்கட்டும். ஆனால் அதன் பின்னால் இருந்த அச்சம் நியாயமானது. நோட்டீஸில் தமிழில் 'இறைவன் பெயரால்' என்று போடுங்கள். மௌத்தானவருக்காக யாஸீன் அச்சடிக்க வரும் குடும்பத்திடம், அந்தப் பணத்தில் ஐம்பது பழைய முஸ்ஹஃபுகளுக்குத் தையல் போட்டால் அதில் ஓதப்படும் ஒவ்வோர் எழுத்தும் அவருக்கு எத்திவைக்கப்படும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பெண்கள். வீட்டில் குர்ஆனைத் துடைத்து வைப்பதும், பிள்ளைக்கு ஓதிக் கொடுப்பதும், நைந்ததைப் பத்திரப்படுத்துவதும் அவர்கள்தான். ஆனால் பெட்டி ஆண்கள் பக்கத்தில், கூட்டம் ஆண்களுக்கு, மஸ்அலா சொல்வதும் ஆண்களுக்கே. மாதவிடாய் நாளில் ஒரு தாய் பழைய தாள்களை என்ன செய்வதென்று தெரியாமல், அழுத்தும் குற்ற உணர்வோடு பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மஸ்அலாவை மாற்றச் சொல்லவில்லை. அந்த நாட்களில் தொடக்கூடாது என்று நம் இரண்டு மத்ஹபுகளும் சொல்கின்றன. கற்கும் பெண்ணுக்கும் கற்பிக்கும் பெண்ணுக்கும் மாலிகி மத்ஹபு அனுமதி தந்திருக்கிறது. ஆனால் தொடாமலிருப்பது வேறு, தள்ளிவைக்கப்படுவது வேறு. ஆயிஷா (ரலி) மாதவிடாயோடு இருந்தபோது அவர் மடியில் சாய்ந்துகொண்டு நபி (ஸல்) குர்ஆன் ஓதினார்கள் என்று புகாரியும் முஸ்லிமும் பதிந்திருக்கிறார்கள். பள்ளியிலிருந்து பாயை எடுத்துத் தரச் சொன்னபோது ஆயிஷா தயங்க, அந்தத் தீட்டு உன் கையில் இல்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இன்னும் ஒன்று. அபூபக்ர் (ரலி) காலத்தில் ஸைத் இப்னு ஸாபித் பேரீச்ச மட்டையிலிருந்தும் கல்லிலிருந்தும் மனித நெஞ்சங்களிலிருந்தும் தேடித் திரட்டிய அந்த முதல் தொகுப்பு, உமருக்குப் பின் யார் வீட்டில் இருந்தது? அவர் மகள் ஹஃப்ஸா (ரலி) வீட்டில். உஸ்மான் (ரலி) அதைக் கேட்டு வாங்கிப் படியெடுத்துவிட்டு, திருப்பி அவரிடமே கொடுத்தார். நாம் ஓதும் குர்ஆனின் ஏடுகளைக் காத்த கை ஒரு பெண்ணுடையது. பெண்கள் தொழும் பக்கத்திலும் ஒரு பெட்டி வையுங்கள். அவர்களுக்கும் ஒளு செய்ய ஒழுங்கான, மறைவான, வழுக்காத ஓர் இடம் கட்டுங்கள். மஸ்அலாவை அவர்களுக்கு நேராகச் சொல்லிக் கொடுங்கள்.

ஷஅபான் கடைசி வெள்ளியன்று அஸருக்குப் பின் எங்கள் மையவாடியில் அடக்கினோம். முதல் பொட்டலத்தை வாங்கக் குழிக்குள் இறங்கி நின்றவன், அன்று ஒளு இல்லையென்று பின்வாங்கிய அதே தம்பி. தாடியில் இன்னும் ஒளுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பலகை வைத்து முடித்ததும் வழக்கப்படி எல்லோரும் மூன்று கைப்பிடி மண் போடக் குனிந்தோம். "இது மௌத்து இல்லப்பா" என்றார் இமாம் மெதுவாக. "தாள் போவுது, கலாம் உங்க நெஞ்சுல இருக்கணும்." பக்கத்தில் நின்றிருந்த ஒரு சிறுவன் வாய்க்குள் எதையோ ஓத ஆரம்பித்தான்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கணக்கு வழக்குப் பார்க்க உட்காருவதற்கு முன், உங்கள் பள்ளியின் மாடிப்படிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். சாக்கு இருந்தால், ஈரமாக இருந்தால், முதலில் எடுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் மஹல்லாக்களில் ஒன்றின் தொழுகையாளி